இரண்டு மணி ஷிப்ட்

திருக்கடலூர்க் கரையில் ஒரு படகைத் தள்ள ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் நிற்கிறார்கள். இன்னும் விடியவில்லை. குடாவுக்கு அப்பால் கோணேசர் மலை விளக்குகள் மட்டும் தெரிகின்றன. ஆறாவது ஆளாக ஒரு பையன் வந்து தோள் கொடுக்கிறான். பள்ளிக்கூடக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருக்கிறான். பைபர் படகு மணலில் உரசிக்கொண்டு இறங்குகிறது. படகு மிதந்ததும் பையன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடுகிறான். ஏழரைக்குப் பள்ளி மணி அடித்துவிடும்.

படகில் நிற்பவர் இயந்திரத்தைப் பெற்றோலில் முடுக்குகிறார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார். பெற்றோல் ஒரு சோடாப் போத்தலில் இருக்கிறது, மண்ணெண்ணெய் ஒரு நீலக் கானில். புறப்படுமுன் கானைத் தூக்கி ஒருதரம் குலுக்கிப் பார்க்கிறார். எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை அந்தக் குலுக்கல்தான் சொல்லும். மீன் அதற்கு அப்பால் நின்றால் அது அடுத்தவனுடைய மீன்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. 1,740 ரூபாய்க்கு நிரம்பிய இருபது லீற்றர்க் கானுக்கு 6,800 ரூபாய் வேண்டியிருந்தது. பிறகு விலை இறங்கியது உண்மைதான், பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்த மாதங்களில் அடகுக்குப் போன காப்பும் தோடும் எந்தெந்த வீட்டுக்குத் திரும்பவில்லை என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரவு போன படகுகள் இரண்டு திரும்பி வருகின்றன. கரையில் கூலர் வண்டி ஏற்கெனவே நிற்கிறது, பின்கதவு திறந்தபடி, ஐஸ் உருகி மணலில் சொட்டியபடி. தராசு வைத்திருக்கும் இளைஞன் கிலோவை மட்டும் சொல்கிறான். விலையை யாரும் கேட்கவில்லை, அது போனில் முன்பே வந்துவிட்டது. நல்ல பாரை, வாலைப் பிடித்துத் தூக்கினால் பையனின் இடுப்பளவு வரும், நேராக ஐஸுக்குள் போகிறது. மத்தியானம் கொழும்பில் இருக்கும். படகுக்காரரின் மனைவி ஒரு கொப்பியோடு நிற்கிறார். அட்டை கிழிந்த, பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பி. அதில் மீனின் பெயர் எதுவும் இல்லை. எண்ணெய், ஐஸ், வலை முதலாளி, சீட்டு, நுண்கடன் கிழமைக் காசு என்று வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்புப் போடவில்லை. அதில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க முடிந்தது, ஆனால் பார்ப்பது முறையில்லை. கொப்பியை மடித்துவிட்டு, தராசுக்கு வராத கீரி மீனில் இரண்டு கைப்பிடி அள்ளிப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இன்றைய கறி அது.

நகரப் பேருந்து நிலையத்தில் மான்கள் படுத்திருக்கின்றன. திருகோணமலை மான்களுக்கு மனிதரிடம் பயமில்லை. சாப்பாட்டுப் பொதி சுற்றிய தாளை ஒன்று மென்றுகொண்டிருக்கிறது. ரேடியோவில் பொருளாதாரச் செய்தி ஓடுகிறது. மூதூர் பஸ்காரர் அதைக் குறைத்துவிட்டுப் பாட்டுப் போடுகிறார்.

அந்தச் செய்தியைக் குறைகூற ஒன்றுமில்லை. இலங்கைப் பொருளாதாரம் 2022இல் 7.3 வீதம் சுருங்கியது, 2023இல் இன்னும் 2.3 வீதம். 2024இல் 5 வீதம் வளர்ந்தது. எரிபொருள் வரிசையில் நின்றே ஆட்கள் செத்துப்போன நாடு இரண்டு வருடத்தில் எழுந்து நிற்பது சின்ன விஷயமில்லை. அதே 2024க்கு உலக வங்கி இன்னொரு கணக்கும் சொன்னது: ஏறத்தாழ நாலில் ஒருவர் வறுமையில், 2019இல் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. இரண்டு கணக்கும் ஒரே நாட்டைப் பற்றியவை, இரண்டுமே சரியானவை. அந்த இரண்டும் ஒரே இடத்தில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதைப் பார்க்க மூதூர் பஸ்ஸில் ஏறினால் போதும்.

முன் இருக்கையில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண். மடியில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக் கடித உறை. அதற்கு மேல் பிள்ளைக்கு வாங்கிய ஒரு சோடிச் செருப்பு, விலைச்சீட்டுக் கிழிக்கப்படாமல். உறையைத் திறப்பதும் உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். பக்கத்தில் இருக்கும் முதிய பெண் கேட்கிறார்: "எங்க மகள், குவைத்தா?" "ஓம் மாமி, ரெண்டு வருஷம்." "சின்னவனுக்கு எத்தின வயசு?" "மூணு." அதற்குப் பிறகு இருவரும் யன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள்.

மூதூர் என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் றிசானா நபீக் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி 2005இல் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட மூதூர்ச் சிறுமி. குழந்தை ஒன்றின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9 அன்று சவூதியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அனுப்பிய காரணம் இரகசியமானதல்ல: வீட்டில் வறுமை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் பெண்களின் இந்தப் பயணம் பெரிய வரவு. வெளியே போகும் தாயின் இரண்டு வருடம், மூன்று வயதுப் பிள்ளையின் இரண்டு வருடம், இவற்றைச் செலவாக எழுத எந்தப் பேரேட்டிலும் பக்கம் ஒதுக்கப்படவில்லை. அது பெரும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

அபாயா அணிந்த பெண்ணுக்குப் பின்னால் ஒரு சம்பூர்க்காரர். ஊரை நடத்துநரிடம் சொல்லிச் சீட்டு வாங்கியதால் தெரியும். பிளாஸ்டிக் கோவை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருக்கிறார். காணி உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, ஓரங்கள் பழுத்துப்போன தாள்கள். சம்பூர் மக்கள் 2006இல் குண்டுவீச்சில் ஓடினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அதே நிலம் முதலீட்டு வலயமானது, இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டும் இடமும் ஆனது. அகதி முகாம்களில் ஏறத்தாழ ஒன்பது வருடம் கிடந்து, 2015இலிருந்து கட்டங்கட்டமாகத் திரும்பினார்கள். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 அன்று, சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு இந்தியப் பிரதமர் கொழும்பிலிருந்தே காணொளியில் அடிக்கல் நாட்டினார். புகையில்லாத மின்சாரம் வரட்டும். ஆனால் ஒரே மண்ணுக்கு இருபது வருடத்துக்குள் இத்தனை வரைபடங்கள் விரிக்கப்பட்டன. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த வரைபடம் இந்த மனிதரின் கோவைக்குள் இருக்கிறது. பஸ் குலுங்கும்போதெல்லாம் கை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது.

நடத்துநர் "கிண்ணியா, மூதூர், கிண்ணியா" என்று கத்துகிறார். கிண்ணியாவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம், 396 மீற்றர், தீவிலேயே நீளமானது. அதற்கு முன் மிதவைப் பாதை வரும்வரை கரையில் காத்திருந்த கர்ப்பிணிகளும் நோயாளிகளும் இப்போது நேராகத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கொங்கிரீட் ஊற்றியதால் வாழ்க்கை நல்லபடியாக மாறியதற்கு இதைவிட நேரடியான சாட்சி இந்த மாவட்டத்தில் கிடையாது. அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டுகிறோம் என்று பழையதை எடுத்துவிட்டு, மக்களை இழுவைப் பாதையில் ஏற்றினார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நீரில் போனார்கள். பாலம் கட்டும் திட்டத்தில், பாலம் முடியும்வரை பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்பதற்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு ஆகும் செலவு மொத்தத் திட்டத்தில் எத்தனை சதமாக இருந்திருக்கும்?

சீனக்குடாச் சந்தியில் இறங்கினால் முதலில் தெரிவது தூசு. பிறகு லொறிகள். சீமெந்துப் பொடியும் கோதுமை மாவும் டீசலும் கலந்த ஒரு மணம், மழை பெய்தால்தான் அடங்கும். துறைமுகத்தின் உட்புறக் குடா இது. கப்பலில் கோதுமை வருகிறது, கிளிங்கர் வருகிறது, எண்ணெய் வருகிறது. 1980 முதல் இங்கே அரைக்கும் பிரிமா மாவாலை உலகிலேயே பெரிய மாவாலைகளில் ஒன்று. பார ஊர்திகள் கந்தளாய் வீதியால் வெளியேறி நாடெங்கும் போகின்றன. மாவாலையின் நிழல் விழும் வீட்டிலும் பாண் விலை நுவரெலியாவில் உள்ள விலைதான். 2022இல் பாண் விலை எகிறியபோது இந்த ஊருக்கென்று தனியாகச் சலுகை எதுவும் வரவில்லை.

காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, 99. 1930களில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஒன்று அழிந்தது. இப்போது நிற்பவற்றிலும் பல சும்மா நின்று, கொடி படர்ந்து, உச்சியில் மரம் முளைத்துக் கிடக்கின்றன. 2022 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள்: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 61 அவை இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதற்கு ஆறு மாதத்துக்குள், தாங்கிகள் நிற்கும் இதே ஊரில், ஓட்டோக்காரர்கள் இரவிரவாகப் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தார்கள். 2025இல் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடு வந்தது. மையமாகட்டும். வேலை வேண்டாம் என்று சொல்லும் ஒரு ஆளையும் இந்தச் சந்தியில் காணவில்லை.

சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு வேப்பமரத்தடியில், தகரக் கூரை போட்ட தேத்தண்ணிக் கடை. இரண்டு வாங்கு, நாலைந்து பிளாஸ்டிக் கதிரை, கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் பணிசும். பகல் ஒன்றரை மணிக்குக் கடை நிரம்பத் தொடங்குகிறது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். உள்ளே போகிறவர்களும் வெளியே வந்தவர்களும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்கும் ஒரே இடம் இது. எந்த வாசலிலிருந்து யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் வாசல்கள் பல.

ஆனாலும் சற்று நேரம் பார்த்தால் இரண்டு வகை ஆட்கள் பிரிந்து தெரிகிறார்கள். ஒரு வகையினருக்குக் கம்பனிச் சட்டை. பையில் பெயர் தைத்திருக்கும், பின்புறம் இஸ்திரி மடிப்பு இருக்கும். மற்றவர்கள் தங்கள் சொந்த ரீசேட்டின் மேல் இரவலாகக் கொடுத்த ஒளிரும் மேலங்கியை மாட்டியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் அதைக் கழற்றி மேற்பார்வையாளனிடம் எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். முதலாவது ஆட்கள் 'பேர்மனன்ட்'. மற்றவர்கள் 'மேன்பவர்'. இதே பெயரில்தான் ஒருவரையொருவர் அறிமுகம் செய்கிறார்கள்: "இவன் நம்மட பொடியன், மேன்பவர்ல நிக்கிறான்."

கம்பனிச் சட்டைக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், மூன்று பேருக்குத் தேத்தண்ணி சொல்கிறார். மகள் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறாளாம். வீட்டுக்குப் போன வருடம் சுவர் பூசி முடித்தாராம். வருகிற கிழமை மூன்று நாள் லீவு, மடுவுக்குப் போகிறார்களாம். இதெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறார். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கத்திலிருந்து 12 வீதம், முப்பது வருடமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் குடாவுக்குத் தொழிற்சாலை வந்ததால் ஒரு குடும்பம் எழுந்து நின்றதற்கு இந்த மனிதர் நிரூபணம். இவரைப் பார்த்துத்தான் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

அவர் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியில் ஒன்று மூலையில் ஆறிக்கொண்டிருக்கிறது. அதற்குரியவன் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புருவத்தில் வெள்ளைத் தூசு. இமை மயிரிலும்கூட. கை முழங்காலின் மேல் விரிந்து கிடக்கிறது, மூடை தூக்கித் தூக்கி விரல்கள் முழுதாக நீளாமல் வளைந்தே நிற்கின்றன. யாரோ அவன் தோளைத் தட்டுகிறார்கள். கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறான் என்று ஒரு நிமிடம் விளங்காமல் பார்க்கிறான்.

"என்னடா, இண்டைக்கும் டபிளா?"

"ஓம் அண்ணன். ராத்திரி பத்து மட்டும்."

காலை ஆறு மணிக்கு உள்ளே போனவன், இரவு பத்துக்கு வெளியே வருவான். பதினாறு மணித்தியாலம். சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கிறான். வாழையிலைக்குப் பதிலாக லஞ்ச் சீற். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், அவித்த முட்டையில் பாதி. முட்டையைத் தள்ளி ஓரத்தில் வைக்கிறான். சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு இழுக்கிறான். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளதை மட்டும் பிசைந்து சாப்பிடுகிறான். முடித்ததும் மற்றப் பாதியை, முட்டையோடு, பழைய மடிப்பிலேயே மடித்து, இறப்பர் வளையம் போட்டு, பைக்குள் வைக்கிறான். அது இரவுக்கு. இந்த வெயிலில் பருப்பு இரவுவரை தாங்குமா என்று கடைக்கார அக்கா கேட்கிறார். "தாங்கும் அக்கா" என்கிறான்.

இவனும் கம்பனிச் சட்டைக்காரரும் ஒரே இடத்தில், ஒரே மூடையை, ஒரே தூசுக்குள் தூக்குகிறார்கள். பேச்சிலிருந்து அது தெளிவாகிறது. ஒருவரின் சம்பளச் சீட்டைக் கம்பனி கொடுக்கிறது. மற்றவனின் பெயர் ஒரு கொந்தராத்துக்காரனின் கொப்பியில் இருக்கிறது. வந்த நாளுக்குக் காசு, வராத நாளுக்கு இல்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்து வரும். ஏழு வருடமாக நிற்கிறானாம். ஒவ்வொரு வருடமும் பேர்மனன்டுக்குப் பேர் எடுப்பார்கள் என்று சொல்வார்களாம்.

தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 17,500 ரூபாயிலிருந்து 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரி முதல் 30,000, அதாவது நாளுக்கு 1,200. நல்ல காரியம். எட்டு மணித்தியால வேலையில் ஒரு குடும்பம் சாப்பிட முடிந்தால் இவன் பதினாறு மணித்தியாலம் நிற்க மாட்டான். அவன் டபிள் அடிப்பது பேராசையால் அல்ல. ஒரு ஷிப்ட் அரிசிக்கும் பருப்புக்கும் போகிறது, அடுத்த ஷிப்டில்தான் பிள்ளையின் கொப்பி, மாமியின் மருந்து, வீட்டு வாடகை. கப்பலிலிருந்து இறங்கும் தொன்கள் கூடக் கூட இவன் தூங்கும் நேரம் குறைகிறது. துறைமுகத்தின் வளர்ச்சியை அளக்கிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் எழுதட்டும் என்பதுதான் என் கோரிக்கை. கம்பனிச் சட்டைக்கும் இரவல் மேலங்கிக்கும் இடையில் இருக்கும் தூரம் இயற்கையில் உண்டானதல்ல. யாரோ ஒரு கந்தோரில் இருந்து முடிவெடுத்து உண்டாக்கியது. எடுத்த முடிவை மாற்றவும் முடியும்.

வீதியோரம் நாலைந்து சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. முத்துநகர் விவசாயிகள். துறைமுக அதிகாரசபையின் பெயரில் இருக்கும் நிலத்தில் நெல் செய்துவந்தவர்கள். சூரியமின் கம்பனிகளுக்கு அந்த வயல்கள் போனபோது 2025இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பிளேன்ரீ குடிக்கிறார்கள், மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் மேன்பவர் பையன்களைக் காட்டி, தன் மகனையும் சேர்க்க முடியுமா என்று கடைக்கார அக்காவிடம் தணிந்த குரலில் விசாரிக்கிறார். வயலில் நின்ற குடும்பங்கள் இந்த வாங்குக்கு வந்து சேரும் வழி இதுதான்.

ஒன்று ஐம்பது. மோட்டார் சைக்கிளில் கொந்தராத்துக்காரரின் ஆள் வருகிறான். இறங்காமலே, ஹெல்மெற்றைக் கழற்றாமலே, கொப்பியை எடுக்கிறான்.

"ஞாயிற்றுக்கிழமை கப்பல் வருது. இருபது பேர் வேணும். பேரைச் சொல்லுங்கோ."

வழக்கமாக இந்த இடத்தில் தள்ளுமுள்ளு நடக்கும் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, அவர் கிளாஸ்களை மேசை ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்துகிறார். ஒரு பையன் "என்ட பேர்" என்று தொடங்குகிறான். புருவத்தில் தூசுள்ளவன் எழுந்து நிற்கிறான். குரல் உயரவில்லை.

"ஞாயிறுக்கு ஒண்டரை நாள் எழுதுவியளா, ஒரு நாள்தானா?"

"முதல்ல பேரைக் குடு. பிறகு பாப்பம்."

"போன தடவையும் பிறகு பாப்பம் எண்டுதான் சொன்னீங்க."

தொடங்கிய பையன் தன் பெயரை முடிக்காமல் நிறுத்துகிறான். கம்பனிச் சட்டைக்காரர் தேத்தண்ணிக் கிளாசை வைத்துவிட்டு, இது தன் விவகாரம் அல்ல என்றாலும், எழுந்து அவன் பக்கத்தில் போய் நிற்கிறார். மோட்டார் சைக்கிள்காரன் இருவரையும் பார்க்கிறான், வாங்கில் இருக்கும் மற்றவர்களைப் பார்க்கிறான். ஒருவரும் பேர் சொல்லவில்லை. ஹெல்மெற்றைக் கழற்றுகிறான்.

"நில்லுங்கோ, போன் எடுத்துக் கேட்டுச் சொல்றன்."